இணைப்பள்ளி மடலும் நம் தன்மானமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமையை முன்னர்ப் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். நாம் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துப் பள்ளி ஒன்று வேறு மாநிலத்து இணைப்பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதுகையில், அதன் ஆங்கிலத்தை எங்ஙனம் செப்பனிடுவது என்பதே அது.

2015-இல் அறிவிக்கப்பட்ட 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு இணையாக ஜம்மு காஷ்மீர் அமைந்தது. அங்குள்ள ஆசிரியர் தமிழ் அறியார். நாம் காஷ்மீரி அறியோம். இடையே பாலமாக நிற்பது ஆங்கிலம்.

அது நமக்குப் புதிய கருவியும் அன்று. 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் வழக்கை எடுத்துரைத்தார். பரங்கிமலையில் பிறந்து ஆசிரியப் பணியாற்றிய எம்.சி. ராஜா, ஒடுக்கப்பட்டோர் நிலையை 1925-இல் ஆங்கில நூலாகவே எழுதினார்.

இனி மடலுக்கு வருவோம். நம் பள்ளி மடல்கள் பல, 'ஐ ஹம்ப்ளி பெக் டு ஸ்டேட்' என்று தொடங்குகின்றன. 'பணிவுடன் இரந்து கூறுகிறேன்' என்பது அதன் பொருள். இறுதியில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி', அதாவது 'கீழ்ப்படிதலுள்ள'. இவை ஆங்கிலேயர் தமக்குள்ளும் வழங்கிய சடங்குச் சொற்கள். அவர்களே இன்று பெரும்பாலும் கைவிட்டனர். துண்டைத் தோளினின்று எடுத்து இடுப்பில் கட்டி நின்ற பாட்டனார் காலத்து நிலை, பேரன் எழுத்தில் ஏன் தொடர வேண்டும்? இணைப்பள்ளி என்றால் சமமான பள்ளி. 'டியர்' என விளித்து, 'யுவர்ஸ் சின்சியர்லி' என முடித்தால் மரியாதை சிறிதும் குறையாது.

அடுத்தது, 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்னும் தொடர். ஆவன செய்க என்பது சரி, ஆவது யாது? மாணவர் பட்டியலா, கூட்ட நாளா? எது வேண்டும், எந்நாளுக்குள் வேண்டும் என்று எழுதுவோம். மடலின் பொருளைத் தலைப்பிலேயே குறிப்போம். ஒரு மடலில் ஒரு செய்தி. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து. நீண்ட சொல்லினும் நேரான சொல்லே நன்று. அனுப்புமுன் வாய்விட்டுப் படித்தால், மூச்சு முட்டும் வாக்கியம் தானே தெரிந்துவிடும்.

ஆயினும் செப்பனிடுதலுக்கு ஓர் எல்லை உண்டு. இளம் ஆசிரியை ஒருவர், 'எம் மாணவர் பலர் வீட்டில் கணினி இல்லை. மாலையில் சிலர் வேலைக்குச் செல்கின்றனர். ஆதலால் இணையவழிக் கூட்டத்தைப் பள்ளி நேரத்தில் வையுங்கள்' என்று எழுதியிருந்தார். திருத்தி வந்த மடலில், 'சில நடைமுறைச் சிக்கல்கள் உள்ளன' என்று மட்டுமே இருந்தது. ஆங்கிலம் அழகாயிற்று, நம் பிள்ளைகள் மறைந்து போயினர்! அம்மடலைப் படிப்போர் கூட்டத்தை மாலை 6 மணிக்கே வைப்பர், அக்குழந்தைகள் வரமாட்டார்கள். ஆகவே பழைய வரிகளை அவ்வாறே திரும்பச் சேர்த்து, இலக்கணத்தை மட்டும் சரிசெய்து அனுப்பச் சொன்னோம்.

இலாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டலம், தன் 1936-ஆம் ஆண்டு மாநாட்டில் தலைமையுரை ஆற்ற அண்ணலை அழைத்தது. எழுதிய உரையைக் கண்டதும் சில பகுதிகளை நீக்கக் கோரியது. அவரோ ஒரு காற்புள்ளியையும் மாற்ற இசையவில்லை. மாநாடு நடைபெறவில்லை. அண்ணல் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு' நூல். மொழியைத் திருத்துதல் வேறு, பொருளைத் திருத்துதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இன்று ஆங்கிலத்தைத் திருத்தித் தரக் கணினியே முன்வருகிறது. பயன்படுத்துங்கள், ஆனால் முதல் வரைவை நீங்களே எழுதுங்கள். திருத்தி வந்ததை வரைவோடு ஒப்பிட்டு, நாம் சொன்னது நிற்கிறதா என்று பாருங்கள். கையொப்பம் நம்முடையது, பொறுப்பும் நம்முடையதே.

இளைஞர்களே! இச்சங்கத்தில் வாரம் ஒரு மணி நேரம் மடல் எழுதும் பயிற்சி தொடங்குங்கள். பட்டம் பெற்றோர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். பிழை வருமென்று அஞ்சி எழுதாதிருத்தலே பெரும் பிழை. இலக்கணப் பிழையைப் பிறர் திருத்தலாம். நாம் சொல்லாமல் விட்டதை எவரும் சொல்லமாட்டார்.

சங்கம் வளர்க!