மாதர் நலமும் ஊராட்சியின் பொறுப்பும்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் நடவு வயலில் இறங்கும் பெண்கள் பிற்பகல் வரை தண்ணீர் குடிக்க அஞ்சுகின்றனர். குடித்தால் ஒதுங்க இடமில்லை. பல வீடுகளில் இன்று கழிப்பறை உண்டு. வயல் வரப்பில் உண்டா? இதைச் சபையில் பேசக் கூசுகிறோம். அக்கூச்சத்தின் விலையைப் பெண்களின் உடல் கொடுக்கிறது.

சிறுநீர்ப் பாதைத் தொற்று பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. அது அவர்தம் குற்றமன்று, உடலமைப்பின் விளைவு. சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கோ 4 சென்டிமீட்டரே. குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்னும் கிருமி அக்குறுகிய வழியே சிறுநீர்ப்பைக்குள் எளிதில் ஏறிவிடுகிறது. தண்ணீர் பருகி, வேளைக்குச் சிறுநீர் கழித்தால் கிருமிகள் அடித்துச் செல்லப்படும். அடக்கி வைத்தால் அவை தங்கிப் பெருகும்.

நீரிழிவு உடையோர், சிறுநீரகக் கல் உடையோர், மாதவிடாய் நின்றோர், முன்பே இந்நோய் கண்டோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். தாம்பத்திய உறவினாலும் கிருமி உட்செல்லக்கூடும்; உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது நன்று. கருவுற்ற தாய்மார்களுக்கு அறிகுறியே இல்லாமலும் தொற்று இருக்கலாம். கவனியாது விட்டால் அது சிறுநீரகத்தைத் தாக்கும். குறைமாதப் பிரசவத்திற்கும் காரணமாகலாம். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உந்துதல், அடிவயிற்று வலி ஆகியவை முதல் அறிகுறிகள். குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவரை நாடுக. "சூடு பிடித்துவிட்டது" என்று நாள் கடத்த வேண்டாம். பிறருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி உண்ணவும் வேண்டாம். மருத்துவர் குறித்த மருந்தை, நோய் தணிந்தாலும், குறித்த நாள் வரை உட்கொள்ளுதல் வேண்டும்.

இனி நம் கடமை யாது? நிலமுடையோர் நான்கு மூங்கிலும் சில தென்னங்கீற்றும் கொண்டு வயலோரத்தில் ஒரு மறைப்பு அமைக்கலாம். அருகில் ஒரு குடம் குடிநீர் வைக்கலாம். ஊராட்சியோ, பள்ளியிலும் சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள மகளிர் கழிப்பறை அமைய வேண்டும். அது பூட்டிக் கிடவாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும் அக்டோபர் 2 கிராமசபையில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். பெண் உறுப்பினர்கள் முன்மொழியட்டும். ஆண் உறுப்பினர்கள் வழிமொழியட்டும்.

நம் வயலில் நாற்று நடும் பெண், தாகம் எடுத்த வேளையில் அச்சமின்றித் தண்ணீர் குடிக்கட்டும்.