ஒரு கிரவுண்டு எங்கே?

கணக்கு ஆசிரியப் பெருமக்களே, கைப்பேசியிலேயே பாடம் எடுத்து யூடியூபில் ஏற்றிக்கொண்டிருக்கும் இளைஞர்களே!

1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியைப் பார்க்காதவர் இந்த அரங்கில் இருக்க மாட்டீர்கள். வாங்கச் சொன்னது இரண்டு பழம், வந்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்று கவுண்டமணி கேட்கக் கேட்க, செந்தில் அதே பழத்தையே காட்டுவார். 35 ஆண்டுகள் கடந்தும் சிரிக்கிறோமே, ஏன்? அங்கே கணக்கு உதைக்கிறது! ஒன்றை இரண்டாக எண்ணுகிறார் ஒருவர். கணக்கு எங்கே உதைக்கிறதோ, அங்கேதான் சிரிப்பும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர். ஏ ஸ்கொயரும் பி ஸ்கொயரும் போட்டுவிட்டு, நடுவில் வரும் 2ஏபி-யை விட்டுவிடாத பிள்ளை உண்டா? சிவப்பு மையால் சுழிக்கிறோம். மறுவாரம் அதே பிழை!

அதையே காணொலியில் இப்படிக் காட்டுங்கள். ஒருவர் மனை வாங்குகிறார். ஒவ்வொரு பக்கமும் 30-உம் 40-உம் சேர்ந்து 70 அடி. மொத்தம் 4,900 சதுர அடிக்குப் பணம் கொடுத்தாயிற்று. தரகர் அளந்து காட்டுகிறார்: 30-க்கு 30 என்றால் 900, 40-க்கு 40 என்றால் 1,600. கூட்டினால் 2,500. "மீதி 2,400 எங்கேய்யா? முழுசா ஒரு கிரவுண்டு காணோமே!" தரகர் திரும்பத் திரும்ப அந்த இரண்டு சதுரங்களையே காட்டுகிறார். இப்போது கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் 30-க்கு 40 அளவில் இரண்டு துண்டு, துண்டுக்கு 1,200. அதுதானய்யா 2ஏபி! ஒரு கிரவுண்டை எவன் விட்டுக்கொடுப்பான்?

இந்த வழி புதிதும் அல்ல. 1959-இல் டிஸ்னி நிறுவனம் 'டொனால்ட் இன் மேத்மேஜிக் லேண்ட்' என்று 27 நிமிடப் படம் எடுத்தது. கணக்கெல்லாம் மூளைக்காரர்களுக்கு என்று முறுக்கிக்கொண்ட டொனால்ட் வாத்து, பில்லியர்ட்ஸ் மேசையின் ஓரக் குறிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பந்தடிக்கக் கற்றுக்கொள்கிறது. தடுமாறியது வாத்து, சிரித்தது குழந்தைகள். எந்த மாணவனும் அங்கே தலைகுனியவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பாடத்தோடு ஒட்டாத சினிமாத் துணுக்கை நடுவில் செருகாதீர்கள். துணுக்கு நினைவில் நிற்கும், பாடம் நழுவிவிடும். கடைசி பெஞ்சு மாணவனை மக்காகக் காட்டிச் சிரிக்க வைக்காதீர்கள். பார்க்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் அவன் இடத்தில்தான் இருக்கிறார்கள். தப்பைத் தரகர் செய்யட்டும், வாத்து செய்யட்டும், ஆசிரியரே செய்யட்டும்.

"ஒரு கிரவுண்டு எங்கே?" என்று கேட்டபின் மூன்று நொடி பேசாமல் இருங்கள். அந்த மூன்று நொடியில் பிள்ளை தேடும். கிடைத்ததும் தானாகச் சிரிக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு.