நிலாவரைக்குப் போகுமுன்



நமது கொடிகாமத்துப் பிள்ளைகளைப் புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கு அழைத்துச் செல்வதானால் வகுப்பை எவ்வாறு ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பஸ் பிடிப்பதையும் சோற்றுப் பார்சல் கட்டுவதையும் பற்றி நான் பேசப் போவதில்லை. அவற்றில் நம்மவர் வல்லவர். சிறுவயதில் நானும் ஒரு சுற்றுலாவில் ஒரே பகலில் ஆறு இடங்கள் பார்த்தேன். நிலாவரையில் ஒரு கல்லைப் போட்டதும் வாத்தியார் அதட்டியதுமே இன்று ஞாபகத்தில் நிற்கின்றன. கேள்வி எதுவும் இல்லாமற் போனோம். விடை எதுவும் இல்லாமல் திரும்பினோம்.

ஆகையால் ஆயத்தம் வீட்டுக் கிணற்றடியிலே தொடங்கட்டும். இரண்டு வாரம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பிள்ளை கயிற்றிலே கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதட்டும். ஒரே ஒழுங்கையில் ஒரு கிணறு நன்னீராயும் அடுத்தது சவராயும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். "அப்பு, உங்கட காலத்திலும் இந்தத் தண்ணி சவரோ?" என்று பேரன் கேட்கட்டும். அந்த விடை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்தது வகுப்பறை. கண்ணாடிக் குவளையில் நிறமூட்டிய உப்புநீரை விட்டு, அதன்மேல் நன்னீரைக் கரண்டி வழியே மெல்ல ஊற்றினால் நன்னீர் மேலே நிற்கும். யாழ்ப்பாணத்தின் நிலைமையே இதுதான். வற்றாத ஆறு நமக்கில்லை. மாரி மழை மண்ணூடாகச் சுண்ணக்கல்லில் இறங்கிக் கடல்நீரின்மேல் மிதக்கிறது. அந்த நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி நிலையாகக் குறைந்தாலோ, காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறிவிடும்! துலா மிதித்த காலத்தில் உடம்பு களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டருக்குக் களைப்பேது?

இராமபிரான் வானர சேனையின் தாகந் தீர்க்க அம்பெய்த இடம் நிலாவரை என்னும் ஐதிகத்தையும் வகுப்பிற் சொல்லவேண்டும். மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்துக் குகையாக்க, மேற்கூரை இடிந்து விழுந்த பள்ளம் என்பதையும் சொல்லவேண்டும். ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை ஏளனஞ் செய்யும் ஆசிரியர் வேண்டாம்.

போகும் வழி மீசாலை–புத்தூர் வீதி. உப்பாற்றைக் கடக்கையில் வாகனத்தை நிறுத்தி, ஒரு போத்தல் நீர் எடுங்கள். நிலாவரையில் கல் கட்டிய போத்தலை இறக்கி, வேறொரு நூலால் அடைப்பானை இழுத்தால், வேண்டிய ஆழத்து நீர் கிடைக்கும். மேல்நீர், அடிநீர், உப்பாற்று நீர், வீட்டுக் கிணற்று நீர் நான்கிலும் ஆசிரியர் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விடட்டும். உப்பு மிகுந்ததில் வெண்மை தடிக்கும். அதைக் கண்ட பிள்ளைக்குப் பின்னர் பிரசங்கம் வேண்டியதில்லை. சுற்றியுள்ள தோட்டங்களின் பசளை மழையோடு எங்கே போகிறது என்றும் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நாம் கேட்போம்.

நீச்சல் தெரிந்தவனாயினும் ஒருவரையும் நீரில் இறங்க விடலாகாது. இதில் தாட்சணியம் கூடாது.

கயிறும் போத்தல்களும் நான் கொண்டுவருகிறேன். கிணற்றடியில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராக நிற்க இளைஞர் வேண்டும். மாரிக்கு முன் ஒரு முறை, தை கழிந்தபின் ஒரு முறை என இரண்டு பயணம். வர விரும்புவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.