வீடும் குப்பையும் பிள்ளைகளும்

(குடுமியான்மலையில் பேசியதன் சுருக்கம்)



பிள்ளைகள் இருக்கிற வீட்டைக் குப்பையும் கூளமும் இல்லாமல் வைத்துக் கொள்வது எப்படி என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று இங்கு நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். "ஜாதியையும் மூடநம்பிக்கையையும் பற்றிப் பேசுகிற மேடையில் துடைப்பத்தைப் பற்றிப் பேசுவதா?" என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த இரண்டும் வேறு வேறு விஷயங்கள் அல்லவென்பது நமது அபிப்பிராயம். கேட்டுவிட்டு, சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளி விடுங்கள்.

உங்கள் ஊர்க் கதை ஒன்றையே முதலில் எடுத்துக் கொள்வோம். இந்தக் கோயிலில் அரசனுக்குக் கொடுத்த மாலையில் ஒரு தலைமயிர் கிடந்ததாம். "இது எப்படி வந்தது?" என்று அரசன் கேட்டானாம். "தவறிவிட்டது, இனி ஜாக்கிரதையாக இருக்கிறேன்" என்று பூசாரி சொல்லியிருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் "சாமிக்கே குடுமி இருக்கிறது" என்று சொன்னாராம். அவரைக் காப்பாற்றுவதற்காகச் சாமியும் குடுமி முளைக்க வைத்துக் கொண்டதாம்! இக்கதை நடந்ததா என்பது நமக்கு முக்கியமல்ல. அதிலுள்ள புத்தியைப் பாருங்கள். ஒழுங்கில்லை என்று ஒப்புக் கொள்வதைவிட, அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடிப்பது நமக்குச் சுலபமாயிருக்கிறது.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. விருந்தாளி வந்து உட்கார இடம் தேடும்போது, "பிள்ளைகள் இருக்கிற வீடு, அப்படித்தான் இருக்கும்" என்கிறோம். பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டு விடுகிறோம். உண்மையிலேயே பிள்ளைகளா இந்தக் குப்பையைச் சேர்த்தவர்கள்?

சில மாதங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் ஒரு தோழர் வீட்டில் இரவு தங்கினோம். நல்ல தோழர். புரோகிதர் இல்லாமல் திருமணம் செய்து கொண்டவர். வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்தது. 300 சதுர அடி. அவருடைய பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறது. அது வாசற்படியில் உட்கார்ந்து, தெருவிளக்கு வெளிச்சத்தில், மடியில் நோட்டை வைத்துக் கொண்டு கணக்குப் போட்டது. "உள்ளே விளக்கு இருக்கிறதே, ஏனம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டோம். "உள்ளே இடம் இல்லைங்க" என்றது.

உள்ளே போய்ப் பார்த்தோம். பரணிலும், கட்டிலுக்கு அடியிலும், சுவர் ஓரத்திலும் பித்தளை அண்டா, குடங்கள், தவலை, எவர்சில்வர் தூக்குவாளிகள், மூட்டை கட்டிய பாய்கள். தோழரையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு எண்ணினோம். பாத்திரங்கள் மட்டும் 74. அன்று அடுப்படியில் புழங்கியது 13. "மீதி எதற்கு?" என்றோம். "அது கிடக்கட்டுங்க ஐயா, பாப்பா கல்யாணத்துக்கு ஆகும்" என்றார். ஒவ்வொரு பாத்திரத்திலும் கொடுத்தவர் பேர் வெட்டியிருந்தது. அந்த வீட்டுக்குள் அந்தப் பெண் உட்கார்ந்து படிக்க முடிந்தது பாத்திரத்தில் உள்ள பேர்களை மாத்திரந்தான்!

தோழர்களே! ஒரு பிள்ளை உட்கார்ந்து, புத்தகத்தை விரித்து எழுத 3 அடிக்கு 3 அடி, அதாவது 9 சதுர அடி வேண்டும். 300 சதுர அடியில், என்றோ வரப்போகிற கல்யாணத்திற்கு இடம் இருக்கிறது. இன்றைக்குப் படிக்கிற பிள்ளைக்கு 9 சதுர அடி இல்லை. இதைவிடப் பரிதாபம் என்ன இருக்கிறது? பிள்ளை கலைத்துப் போட்ட நான்கு நோட்டுப் புத்தகமா இந்த வீட்டை அடைத்தது? பெரியவர்களாகிய நாம் சேர்த்து வைத்ததல்லவா அடைத்தது?

நாம் ஏன் சேர்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று காரணங்கள்தான் தெரிகின்றன.

ஒன்று, வழக்கம். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று தட்டுத் தட்டாகச் சீர் வருகிறது. கொடுப்பவருக்கு அது தேவையா என்கிற யோசனை இல்லை. வாங்குகிறவருக்கு வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை.

இரண்டு, பெருமை. 2006-ல் அரசாங்கம் கலர் டி.வி. கொடுத்தது. 2011 முதல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. அவற்றை நாம் குறை சொல்லவில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தேய்ந்த பெண்களின் கைகளுக்கு அவை பெரிய விடுதலை. ஆனால் ஓடாமல் போன பிறகும் அந்தப் பழைய டி.வி.க்குத் துணி போர்த்தி, மேலே பூ ஜாடி வைத்து உட்கார வைத்திருப்பது எதற்கு?

மூன்று, பயம். "விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள்" என்கிறார்கள். "வெள்ளிக்கிழமை ஒரு பொருளும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது" என்கிறார்கள். சிம்னி விளக்குக் காலத்தில், இருட்டில் பெருக்கினால் மூக்குத்தி திருகாணி குப்பையோடு போய்விடுமே என்று யாராவது சொல்லியிருக்கலாம். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் பகல்போல் வெளிச்சம் வருகிறது. இப்போதும் லட்சுமி துடைப்பத்துக்குப் பயந்து ஓடுவாளானால், அவள் குப்பையின் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

சரி, சேர்த்து வைப்பதனால் இடம் போவதோடு நஷ்டம் நின்றுவிடுகிறதா? இல்லை. கொல்லையில் கிடக்கும் பழைய டயரிலும், தேங்காய் ஓட்டிலும், உடைந்த வாளியிலும் மழைத் தண்ணீர் நின்றால், டெங்கு கொசு அதில் முட்டை இட்டு ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. மாதக் கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கிறது. விறகும் செங்கல்லும் குவிந்து கிடந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. தரையில் படுப்பவர்கள் யார்? நம் பிள்ளைகள்தானே? புற்றுக்குப் பால் ஊற்றுகிற காசையும் நேரத்தையும் செங்கல்லை அப்புறப்படுத்துவதில் செலவிட்டால் பிள்ளை பிழைக்கும்.

விவசாயிகள் அதிகம் உள்ள ஊர் இது. பூச்சிமருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கிற பழக்கம் அநேக வீடுகளில் இருக்கிறது. மண்ணெண்ணெய் குறைந்து போனாலும் பெயிண்ட் தின்னரும் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டும் அந்த இடத்திற்கு வந்துவிட்டன. எது எங்கே இருக்கிறதென்று தெரியாத வீட்டில் பிள்ளை தாகத்துக்கு எந்தப் பாட்டிலை எடுக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? மண்ணெண்ணெயோ தின்னரோ குடித்துவிட்ட பிள்ளையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். உடைந்த பொம்மைக்குள் பொத்தான் போல ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. பிள்ளை விழுங்கி, அது தொண்டையில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். எனவே இது அழகைப் பற்றிய பேச்சல்ல. பிள்ளையின் உயிரைப் பற்றிய பேச்சு.

இனிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுகிறோம். "எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கப் பிள்ளைக்குத் தெரியாது" என்பது பொய். 1907-ல் இத்தாலியில் ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி என்கிற டாக்டர் அம்மையார் ஒரு குழந்தைகள் இல்லம் ஆரம்பித்தார். பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் தாழ்ந்த அலமாரி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம். பொருள்களும் கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்தச் சிறு பிள்ளைகள் தாங்களே எடுத்தார்கள். தாங்களே திரும்ப வைத்தார்கள். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் வீட்டில் ஆணி அடித்திருப்பது ஆறடி உயரத்தில். அலமாரி ஐந்தடி உயரத்தில். பிறகு, "சட்டையைக் கீழே போடுகிறான்" என்று மூன்றடிப் பிள்ளையை அடிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பொம்மை அதிகமிருந்தால் பிள்ளை நன்றாக விளையாடும் என்பதும் பொய்தான். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தார், நடை பழகிய 36 குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மைகளோடும், ஒரு தடவை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நாலு பொம்மை இருந்தபோதுதான் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பல விதமாக விளையாடினவாம். திருவிழாவுக்குத் திருவிழா பிளாஸ்டிக் பொம்மை வாங்கிக் குவிக்கிற நம் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போவானேன்? உங்கள் ஊர்ப் பாறையையே பாருங்கள். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் அதில் இசைச் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழு பிரிவாகப் பிரித்து, நாலு நாலு சுரமாக வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் சாமிக்குக் குடுமி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதைவிட இதைப் பார்த்துப் போகலாம். கற்றுக் கொள்ளுகிறவனுக்கு ஒழுங்கு வேண்டும் என்று பாறையில் வெட்டி வைத்த ஊரில், கற்றுக் கொள்ளுகிற பிள்ளைக்கு வீட்டில் ஒரு மூலை இல்லை என்றால் யாருக்கு வெட்கம்?

தாய்மார்களே! இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆண்கள் வீட்டுக்குப் போய், "கூட்டத்தில் சொன்னார்கள், வீட்டைச் சுத்தமாக வை" என்று உங்களிடம் உத்தரவு போடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அதற்காக நாம் இங்கு வரவில்லை. 2019-ல் இந்திய அரசாங்கம் எடுத்த நேரக் கணக்கைப் பாருங்கள். 6 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 100-க்கு 81 பேர் கூலியில்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்தவர்களிலும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். ஐந்து பேர் கலைக்கிற வீட்டை ஒருத்தி மட்டும் அடுக்குவாளானால், அவளுக்குப் பெயர் மனைவியா, தாயா, கூலியில்லாத ஆளா? "பெருக்குவது பெண் வேலை" என்று எந்தத் துடைப்பத்தில் எழுதியிருக்கிறது? பெண் பிள்ளை கையில் துடைப்பத்தையும் ஆண் பிள்ளை கையில் கிரிக்கெட் மட்டையையும் கொடுக்கிற வீட்டில் சமத்துவம் பேசிப் பிரயோஜனமில்லை.

ஆகவே செய்ய வேண்டியவைகளைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

முதலில் பெரியவர்களின் பொருள்களில் கை வையுங்கள். பிள்ளைகளின் பொருள்களில் அல்ல. பரணை இறக்குங்கள். ஒரு வருஷத்தில் ஒரு தடவையாவது எடுத்தவை ஒரு பக்கம். பிறருக்கு உதவுகிறவை ஒரு பக்கம். உடைந்தவை ஒரு பக்கம். பித்தளையைப் பழைய பாத்திரக் கடையில் எடை போட்டு, அந்தப் பணத்தைப் பெண்ணின் படிப்புக்குப் பிள்ளை பேரிலேயே தபாலாபீசில் போடுங்கள். உடைந்ததைப் போகிக்குக் கொளுத்தாதீர்கள். பிளாஸ்டிக் புகையைக் குடிப்பதும் பிள்ளைகள்தான். பழைய டி.வி.யின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதைக் கொல்லையில் போட்டு உடைக்காதீர்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் கை எட்டுகிற உயரத்தில் ஒரு ஆணியும் ஒரு பெட்டியும். பழக்கடைப் பெட்டியே போதும். நாலைந்து பொம்மை வெளியே இருக்கட்டும். மீதியை எடுத்து வைத்து மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக் கொடுங்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் மாத்திரம் பிள்ளைக்கு எட்டாத உயரமும் பூட்டும் வேண்டும்.

மூன்றாவது, பிள்ளையைக் கேட்காமல் பிள்ளையின் பொருளை எறியாதீர்கள். உங்களுக்குக் குப்பையாகத் தெரிகிற கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் அதற்குச் சொத்து. தன் சொத்தை மதித்தவர் வீட்டில்தான் அது பிறர் பொருளை மதிக்கும். பிள்ளைக்கும் சுயமரியாதை உண்டு, தோழர்களே!

நான்காவது, தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து ஒழுங்கு செய்யுங்கள். அப்பாவும் தாத்தாவும் உட்பட! விளக்கு வைத்த பிறகே பெருக்குங்கள். லட்சுமி போகிறாளா என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

கடைசியாக, சீர். இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊரார், தாய்மாமன் சீர் போல மேளதாளத்தோடு ஊர்வலமாகப் போய், நோட்டும் நாற்காலியும் பீரோவும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குக் "கல்விச் சீர்" என்று கொடுத்திருக்கிறார்கள். நமக்கு மிகவும் பிடித்த ஊர்வலம் அது. ஒருவர் பரணில் துரு ஏறுகிற சீரைவிட நூறு பிள்ளைகள் உட்காருகிற நாற்காலி மேலல்லவா?

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். நாம் புறப்படும்போது தோழர் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் போனில் கூப்பிட்டார். "அண்டாவும் ஏழு குடமும் போயிடுச்சுங்க ஐயா. சம்சாரம் ரெண்டு நாள் பேசலை. இப்ப அந்த மூலையில பாப்பா உட்கார்ந்து படிக்குது. ராத்திரி அவளும் அங்கதான் வந்து உட்கார்ந்துக்கிறா, பாப்பா அவளுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுக்குது" என்றார்.

தோழர்களே! இன்றிரவு நீங்கள் வீட்டுக்குப் போனதும் முதலில் அந்த 9 சதுர அடி எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், பிள்ளையைத் திட்டாமல், பரணை அண்ணாந்து பாருங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.