ஏணியின் முதல் படி

ஆரணியில் பட்டுத் தறி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன் நான். "ஜெயித்தால் அடுத்து எங்கே சார்?" என்று கேட்பார்கள். அப்போது கரும்பலகையில் ஓர் ஏணி வரைவேன்.

கால்பந்து லீக் அமைப்பும் ஏணிதான். வென்ற அணி மேலே ஏறும். கடைசியில் வந்தது கீழே இறங்கும். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஆண்டுதோறும் மூன்று அணிகள் இறங்க, மூன்று அணிகள் ஏறுகின்றன.

நம் நாட்டில் 2007-இல் ஐ-லீக் தொடங்கியது. 2014-இல் ஐ.எஸ்.எல். தனியாக வந்தது. 2018-19-இல் கோவையில் விளையாடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையை வென்றது. ஆனால் அங்கிருந்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற அன்று படியே இல்லை. 2022-23-இல் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணிக்குத்தான் முதன்முதலில் அந்தப் படி கிடைத்தது.

நம் பிள்ளைகளின் ஏணி குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என உயர்கிறது. அதன் முதல் படி பள்ளியின் விளையாட்டுப் பாடவேளை. தறியும் பாவும் இடத்தை அடைத்த வீடுகளில் ஓடி விளையாட ஏது இடம்? பாடம் முடியவில்லை என்று அந்த நேரத்தைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே உள்ள படிகளை அமைப்பது நம் கையில் இல்லை. முதல் படி நம் கால அட்டவணையிலேயே இருக்கிறது.