யார் பாஷையை யார் படிப்பது?

(கோவையில் பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெவ்வேறு பாஷை பேசும் ஜனங்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதைப் பற்றி அறிஞர்கள் நடத்தும் ஆராய்ச்சி குறித்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பாபின் மாற்றுகிறவனுக்கும் களை பறிக்கிறவளுக்கும் இதில் என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை இதே கோவையில், கொடீசியா வளாகத்தில், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. பல தேசத்து அறிஞர்கள் வந்து கட்டுரை படித்தார்கள். சிந்துவெளி முத்திரைகளை ஆராயும் பின்லாந்துக்காரர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு விருது வழங்கப்பட்டது. ஊர்வலம் பார்க்க நாமும் தெருவோரம் நின்றோம்.

இப்படி அறிஞர்கள் கூடிப் பேசும் ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. இலங்கையில் பிறந்த தனிநாயகம் அடிகளும் அவருடைய நண்பர்களும் பாடுபட்டதால் 1964ல் டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாயிற்று. 1966ல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடிற்று. 1679ல் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியை ரோமாபுரியின் வாத்திகன் நூலகத்தில் கண்டெடுத்து, 1966ல் மறுபடியும் அச்சேற்றியவரும் அடிகள்தான். அதற்கு முன்பே, 1960ல், மாஸ்கோவில் தமிழ்-ருஷ்ய அகராதி வெளிவந்தது. அதைத் தொகுத்த இருவர் பியாதிகோர்ஸ்கியும் ருதினும். பனி கொட்டும் லெனின்கிராடில் தமிழ் சொல்லிக்கொடுத்த ருதின், தமக்குச் ‘செம்பியன்’ என்று தமிழ்ப் பெயரே வைத்துக்கொண்டார்!

இவர்கள் அறிவுக்காகவும் நேசத்துக்காகவும் நம் பாஷையைப் படித்தார்கள். ஆனால், தோழர்களே, எல்லோரும் அதற்காகப் படிப்பதில்லை.

நம் பாட்டன்மார் சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்களே, அங்கேயும் வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படித்தார்கள். அதற்கென்று 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் ஒரு சிறு கையேடு அச்சாயிற்று. தோட்டத்துச் சின்ன துரை சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகம். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘இங்கே வா’! பெயரிலேயே கட்டளை. அதைப் படித்தவன் நம் ஆட்களோடு உறவாடப் படிக்கவில்லை. அவர்களை விரட்டி வேலை வாங்கப் படித்தான்.

ஆகவே, பாஷை படிப்பது நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது. யார் பாஷையை யார் படிக்கிறான், எதற்காகப் படிக்கிறான்? இதுதான் கேள்வி.

இன்று நம் மில்லுக்குள் வாருங்கள். பீகார், ஒரிசா, வங்காளம், அசாம், ஜார்க்கண்டு என்று பல சீமைகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் அவர்கள் நிற்கிறார்கள். மேஸ்திரி இரண்டு இந்தி வார்த்தை கற்றுக்கொண்டான்: ‘சலோ’, ‘ஜல்தி’. இதுவும் அந்த ‘இங்கே வா’ தானே!

ஒரு மில்லில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஓர் ஒரியாப் பையன் கார்டிங் மிஷினில் கை வைக்கப் போனான். பக்கத்தில் நின்ற நம் ஆள், “கையை எடு! கையை எடு!” என்று கத்தினார். பையனுக்கு அது புரியவில்லை. தன்னைத் திட்டுகிறார் என்று நினைத்து அவரைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு விரல்கள் போய்விட்டன. ஒரு சொல் தெரிந்திருந்தால் அந்த விரல்கள் மிஞ்சியிருக்கும்.

2023 மார்ச் மாதம் ஞாபகமிருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை வெட்டிக் கொல்கிறார்கள் என்று செல்போனில் படங்கள் பரவின. அவற்றில் ஒன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். இன்னொன்று, திருப்பூரில் பீகார், ஜார்க்கண்டுத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. பொய் ரயிலேறிப் பாட்னா வரை போயிற்று. பீகாரிலிருந்து அதிகாரிகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்து விசாரித்தார்கள். பயந்துபோன பலர் மூட்டை கட்டினார்கள். ஒரே லைனில் வேலை செய்தும், “அது பொய், பயப்படாதே” என்று அவன் பாஷையில் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடிந்தது?

“அப்படியானால் இந்தி படிக்கச் சொல்கிறீரா?” என்று ஒரு தோழர் கேட்பார். மேலிருந்து ஒரு பாஷையைத் திணிப்பதை எதிர்ப்பது வேறு; பக்கத்தில் நிற்பவனின் பேச்சுக்குக் காது கொடுப்பது வேறு. தவிரவும், வந்தவர் எல்லோருக்கும் தாய்மொழி இந்தி அல்ல. ஒருவனுக்கு ஒரியா, ஒருவனுக்கு வங்காளி, ஜார்க்கண்டு ஆதிவாசி பலருக்குச் சந்தாலி. அவர்களுக்கும் இந்தி இரவல் பாஷைதான்.

எனவே சில காரியங்கள் செய்வோம். ஆபத்து, நிறுத்து, கூலி, பிடித்தம், லீவு, ஆஸ்பத்திரி போன்ற ஐம்பது சொற்களை அவர்கள் பாஷைகளில் அவர்களிடமே கேட்டு எழுதுவோம். மிஷின் பக்கத்திலும், ‘நிறுத்து’ என்பதை எல்லாப் பாஷையிலும் எழுதி வைக்கச் சொல்லி மானேஜரிடம் வற்புறுத்துவோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு அவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்போம். என்ன கூலி கிடைக்கிறது என்று கேட்போம். நம் கூலியையும் சொல்வோம். அவனுக்குக் குறைவு என்பது தெரியாமலிருக்கும் வரை நமக்கும் உயராது.

ருஷ்யாவில் இருவர் உட்கார்ந்து நம் பாஷைக்கு அகராதி செய்தார்கள். நம் ஷிப்டிலேயே நிற்கிறவனின் பாஷைக்கு ஐம்பது சொல் சேர்க்க நம்மால் முடியாதா? நாளைக் காலை ஷிப்டில் ஒருவனைப் பார்த்து, “உன் ஊர் எது?” என்று அவன் பேச்சிலேயே கேட்டுப் பாருங்கள். நம் ஆராய்ச்சி அங்கே தொடங்கட்டும்!