மின்சாரம் செல்லும் வழி: மகிழுந்துக் குளிரூட்டியும் காரணம் சொல்லும் தமிழும்



மொழி மன்றத்தின் மேடையில் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், மகிழுந்தின் குளிரூட்டியில் ஏற்படும் மின்பழுதைக் கண்டறியும் முறையாகும். இதற்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழலாம். பழுது காண்பது காரணம் காண்பது. காரணத்தைச் சொல்ல மொழி வேண்டும். இன்றைய உரையின் கருத்து இவ்வளவே.

1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். அதன்பின் மலாக்காவில் பெருகிய தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர், தாம் அதுவரை கண்டிராத ஒரு தொழிலுக்குத் தமிழில் சொற்களை அமைத்துக்கொண்டனர். பால் வடியும் கிண்ணம் மங்கு ஆயிற்று; வெட்டுவாயில் உறைந்தது ஒட்டுப்பால் ஆயிற்று. பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், அதற்குமேல் கத்தி இறங்கினால் மரத்திற்கு என்ன நேரும் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே விளக்கினர்.

ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஜாசின், அலோர் காஜா, மலாக்கா நகரம் ஆகிய இடங்களின் பட்டறைகளில் வேலை பார்க்கின்றனர். அவர்கள் பேச்சில் ரிலே, பியூஸ், கிளட்ச், எர்த் என்னும் சொற்கள் இயல்பாக வழங்குகின்றன. அவற்றை விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. பொருளின் பெயர் எந்த மொழியிலிருந்தும் வரலாம். ‘எதனால்’, ‘ஆகவே’ என்னும் தொடர்ச்சி மட்டும் பேசுவோரின் சொந்த மொழியில் இருத்தல் வேண்டும். அது இல்லாத இடத்தில் பழுது காண்பது ஊகமாகிவிடுகிறது. ‘ஏர்கோன் குளிரவில்லையா, கேஸ் போடு, அப்போதும் குளிரவில்லையா, கொம்பிரஸரை மாற்று’ என்னும் பழக்கம் அவ்வாறு வந்ததே. அதற்குரிய விலையை வண்டிக்காரர் செலுத்துகிறார்.

முதலில் ஓர் எளிய பழுதைக் காண்போம். காற்றாடியின் நான்கு வேகங்களில் முதல் மூன்றும் இயங்கவில்லை. நான்காவது மட்டும் இயங்குகிறது. காற்றாடியையே மாற்ற முற்படுவோர் உண்டு. ஆனால் நான்காம் வேகத்தில் அது சுழல்வதால் மோட்டார் நலமாக இருக்கிறது. அதன் பியூஸும் எர்த்தும் நலமாக இருக்கின்றன. பழைய அமைப்புள்ள வண்டிகளில், குறைந்த வேகங்களுக்கு மின்னோட்டம் ஒரு மின்தடைத் தொகுதியின் வழியே செல்கிறது. உச்ச வேகத்தில் அதனைத் தவிர்த்து நேராகச் செல்கிறது. ஆகவே ஐயம் முதலில் அந்தத் தொகுதியின்மேல் விழ வேண்டும். இயங்காத மூன்று வேகங்கள் பழுதின் இருப்பிடத்தைக் காட்டின என்றால், இயங்கிய ஒரு வேகம் பழுதில்லாத இடங்களைக் காட்டிற்று.

அடுத்தது சற்றுக் கடினமானது. காலையில் குளிர்கிறது, நண்பகல் நெரிசலில் நின்றால் காற்று வருகிறது, குளிர் வருவதில்லை. இயந்திர அறையைத் திறந்து பார்த்தால் கொம்பிரஸரின் கப்பி சுழல்கிறது. அதன் முன்தட்டு சுழலவில்லை. அதாவது மின்காந்தக் கிளட்ச் தட்டைப் பற்றவில்லை. கிளட்சுக்கு வரும் வயரைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ‘மின்சாரம் வருகிறது, ஆகவே கிளட்ச் கெட்டுவிட்டது’ என்று முடிவு செய்வது எளிது. அம்முடிவு தவறாக இருக்கலாம்.

பள்ளிக் கணக்கையே இங்குப் போட்டுப் பார்ப்போம். கிளட்ச் சுருளின் மின்தடை 4 ஓம் எனக் கொள்வோம். 12 வோல்ட்டில் அதன் வழியே 3 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் ஓர் இணைப்பு துருவேறி 1 ஓம் தடையைக் கூட்டினால், மொத்தத் தடை 5 ஓம், மின்னோட்டம் 2.4 ஆம்பியராகக் குறைகிறது. சுருளுக்குக் கிடைப்பது 9.6 வோல்ட்; எஞ்சிய 2.4 வோல்ட் துருவில் வீணாகிறது. வயரைக் கழற்றி அளக்கும்போது மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் துரு எதையும் இழக்கச் செய்வதில்லை. ஆகவே மீட்டர் முழு 12 வோல்ட்டையும் காட்டுகிறது. வயரை இணைத்து, குளிரூட்டியை இயக்கி அளந்தால்தான் உண்மை வெளிப்படும். செம்புக் கம்பி சூடேறினால் அதன் தடையும் ஏறுகிறது. 50 பாகை செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுகிறது. காலையில் பற்றிய கிளட்ச் நண்பகலில் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளட்சுக்கு மின்னழுத்தமே வரவில்லை என்றால், வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும்: ரிலே, அழுத்த விசை, பியூஸ். எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதில்லை. நடுவிலுள்ள ரிலேயில் அளந்தால், பழுது அதற்கு முன்னா பின்னா என்பது தெரியும்; தேடும் பரப்பு பாதியாகிவிடும். அழுத்த விசை திறந்திருப்பது கண்டு, ஒரு துண்டு வயரால் அதனை இணைத்து விடுவோர் உளர். குளிர்வாயு குறைந்தால் கொம்பிரஸரை நிறுத்துவதற்காகவே அவ்விசை இருக்கிறது. வாயுவோடு சேர்ந்து சுற்றுவது எண்ணெய். வாயு இல்லையேல் எண்ணெயும் திரும்பி வராது. காவலனைக் கட்டிப்போட்டால் கொம்பிரஸர் உராய்ந்து அழியும். வாயு கசியும் இடத்தைக் கண்டு அடைப்பதே தீர்வு.

நம் மாநிலத்தின் சூழலும் கருதத்தக்கது. கடலோரக் காற்றின் உப்பு எர்த் இணைப்புகளை அரிக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் எலிகள் மிகுதி. அவற்றைக் குறைக்கவே பல தோட்டங்களில் ஆந்தைகளுக்குக் கூடு அமைக்கின்றனர். தோட்டத்து வண்டியில் மின்பழுது என்றால், கடிபட்ட வயரையும் தேடிப் பார்க்க வேண்டும்.

மின்கலத்தாலும் இயங்கும் புதிய வண்டிகள் பெருகி வருகின்றன. அவற்றுள் பலவற்றில் கொம்பிரஸரை நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இயக்குகிறது. ஆரஞ்சு நிற வடங்கள் அதன் அடையாளம். பழக்கத்தால் கை வைப்பவர் உயிருக்கு அங்கே ஆபத்து உண்டு. முறையான பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடலாகாது.

நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் 2003ஆம் ஆண்டு முதல் ஆங்கிலத்திற்கு மாறின. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றோர் இன்று பட்டறைகளில் இருக்கின்றனர். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை என்னும் சொற்கள் அவர்களுள் பலருக்குத் தமிழில் வந்து சேரவில்லை. அவர்களிடம் கைத்திறன் இருக்கிறது. அதனை அடுத்தவருக்கு விளக்கும் மொழி குறைகிறது. விளக்க இயலாதவர் நல்ல தொழிலாளியாகலாம். பிறரைப் பயிற்றுவிக்கும் நிலைக்கு உயர்வது அரிது.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. பட்டறைதோறும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். கண்ட அறிகுறி, அளந்த அளவு, அறிந்த காரணம் என மூன்று பத்திகளில் தமிழில் எழுதப்படட்டும். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் மின்சுற்றுப் பாடத்தை நடத்தும் வாரத்தில், அருகிலுள்ள பட்டறைக்காரர் ஒருவரை வகுப்பிற்கு அழைக்கட்டும். பால்மரத்தின் பட்டையை விளக்கப் போதுமாக இருந்த தமிழ், ஒரு வயரின் வழியை விளக்கவும் போதுமானதே. அதனைப் பேசத் தொடங்குவது நம் கடமை.